படி ஏறிய குற்றம்

மூன்றாவது மாடியைத் தொட்டபோது எனக்கு நுரை தள்ளிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஐம்பத்து நாலு," என்றார் பாஸ்.

"என் வயசா?"

"படிக்கட்டு. எண்ணிக்கிட்டே வந்தேன். உனக்கு ஐம்பத்து ரெண்டுதான்."

"அந்தக் கடைசி ரெண்டு படிதான் பாஸ் என்னைச் சாகடிச்சுது."

"ரேடியோ, வால்யூமைக் குறை."

ரேடியோ என்பது நான்தான். நிறுத்தாமல் பேசுகிறேன் என்று பாஸ் வைத்த பெயர். பாஸ் என்றதும் மீசையும் தொப்பியுமாக யாரையும் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய அம்மா. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய்க்காரர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தவர். நிறுவனம் என்றால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மேஜையும்.

நாங்கள் வந்திருந்தது மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை அலுவலகம். நடக்க முடியாதவர்கள் மனு கொடுக்கிற ஆபீஸை மூன்றாவது மாடியில் வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். கும்பிட்டுவிட்டு அப்படியே காலை வாரியிருப்பேன். கீழே லிஃப்ட் கதவில் 'பழுது. படிகளைப் பயன்படுத்தவும்' என்று ஒரு அட்டை தொங்கியது. இரண்டு வருஷமாகத் தொங்குகிறதாம்.

எங்களை வரச் சொன்ன கண்காணிப்பாளர் பத்து நிமிஷம் கழித்து வந்தார். என்னைப் போல ஒன்றரை ஆள் இருப்பார்.

"மன்னிக்கணும். கீழ கடைக்குப் போயிருந்தேன்," என்று கையிலிருந்த டீ கிளாஸை மேஜையில் வைத்தார்.

கிளாஸ் விளிம்பு வரை டீ. மேலே நுரை கலையாமல் இருந்தது. அவர் சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. என் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிரம்பும்.

"சார் தினமும் உடற்பயிற்சி பண்ணுவீங்களா?" என்றேன்.

"சேச்சே, நேரம் ஏது?"

பாஸ் அந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அறையைப் பார்த்தேன். எதை எடுத்தாலும் வெள்ளைப் பெயிண்ட்டில் நம்பர். நாற்காலிக்கு நம்பர், மேஜைக்கு நம்பர், குப்பைக்கூடைக்கும் நம்பர்.

"உங்க முதுகிலயும் எழுதியிருக்கா சார்?"

அவர் சிரிக்கவில்லை. "இந்த ஆபீஸ்ல நம்பர் இல்லாம ஒரு ஊசி கூட இருக்காது. அது என்னோட ஒழுங்கு," என்றார் பெருமையாக. அவருக்குப் பின்னால் அலமாரியில் ஒரு கேடயம் பளபளத்தது. 'தகுதியற்ற விண்ணப்பங்களைத் தடுத்ததில் முதலிடம். தொடர்ந்து இரண்டாம் ஆண்டு.' இதற்குக்கூடக் கேடயம் கொடுக்கிறார்கள். இதை வீட்டுக்குக் கொண்டுபோனால் பெண்டாட்டி எங்கே வைப்பாள்?

அவர் ஒரு புகைப்படத்தையும் கடிதத்தையும் நீட்டினார். படத்தில் ஒரு பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும். படிக்கட்டில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். பற்கள் தெரிகின்றன. கடிதம் மொட்டைக் கடுதாசி. 'இந்தப் பெண்மணி இடுப்பு வலி, நடக்க முடியவில்லை என்று உதவித்தொகை கேட்கிறார். ஆனால் வீட்டுப் பக்கத்து வணிக வளாகத்தில் தினமும் சிரித்துக்கொண்டே மாடி ஏறுகிறார். இப்படிக்கு, ஒரு நலம் விரும்பி.'

"மூணு தடவை தள்ளுபடி பண்ணியாச்சு," என்றார் கண்காணிப்பாளர். "இன்னைக்கு மூணு மணிக்குக் கடைசி மேல்முறையீடு. வெளியாள் ஒருத்தர் விசாரிச்சு அறிக்கை கொடுக்கணும்னு விதி இருக்கு. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். உங்களுக்கு ஏன் சிரமம்னு அறிக்கையை நானே டைப் பண்ணிட்டேன். கையெழுத்துப் போட்டா போதும்."

"போட்டா என்ன ஆகும்?" என்றார் பாஸ்.

"மோசடின்னு பதிவாகும். அப்புறம் ஆயுசுக்கும் எங்கேயும் மனு போட முடியாது. நல்ல பாடம்."

பாஸ் படத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பென்சிலில் சின்னதாக ஏதோ எழுதியிருந்தது. பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அந்தம்மாவை ஒரு தடவை பார்த்துட்டு வந்து போடறேன்."

"அதெல்லாம் எதுக்கு மேடம்? நடிப்பா நடிப்பாங்க!"

"எனக்கு நடிப்பு பார்க்கப் பிடிக்கும்," என்றார் பாஸ்.

இறங்கும்போது, மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவே திருப்பத்தில் பாஸ் நின்றார். மூலையில் தீயணைக்கும் மணல் வாளி. அதிலும் நம்பர், 212.

"ரேடியோ, படத்துல இடது மூலையைப் பாரு."

பார்த்தேன். படத்திலும் சிவப்பு வாளி. அதிலும் 212.

"அட பாவி! வணிக வளாகம்னு சொன்னானே! இது இந்த ஆபீஸ் படிக்கட்டு!"

"மனு கொடுக்க வந்த அன்னைக்கு ஏறியிருக்காங்க. லிஃப்ட் இல்லைன்னு ஏற வெச்சுட்டு, ஏறினதையே குத்தமாக்கிட்டாங்க."

ஏறாவிட்டால் ஆஜராகவில்லை என்று தள்ளுபடி, ஏறினால் நன்றாகத்தான் இருக்கிறாய் என்று தள்ளுபடி. இதை யோசித்தவன் சாப்பாட்டுத் தட்டில் எப்படிக் கை வைக்கிறான்?

"நீ போய் அவங்க நின்ன படியில நில்லு," என்றார் பாஸ். நின்றேன். அவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னே போனார், பின்னே வந்தார், எக்கிப் பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் பொருந்தவில்லை. படம் உயரத்திலிருந்து எடுத்தது. அந்தப் பக்கம் வெறும் சுவர். தலைக்கு மேலே காற்றுப் போக ஒரு சதுரத் திறப்பு, அதில் கம்பிவலை. அவ்வளவுதான்.

"பேய் எடுத்திருக்கும் பாஸ்."

"பேய்க்குக் கம்பிவலை தேவையில்லையே," என்று படத்தின் மேல் ஓரத்தைக் காட்டினார். மங்கலாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்.

கீழே வந்ததும் லிஃப்ட் கதவருகே குனிந்தார். துருப்பிடித்த சங்கிலி, பெரிய பூட்டு, பூட்டிலும் 7 என்று வெள்ளை நம்பர். சாவித் துவாரத்தில் விரலை வைத்து என் மூக்கருகே நீட்டினார். எண்ணெய் வாசம்.

"ரெண்டு வருஷமாத் திறக்காத பூட்டு," என்றார்.

அந்தம்மாவின் வீடு பக்கத்துத் தெருவில், தரைத்தளத்தில் ஒரே அறை. கதவைத் தட்டியதும், "இழுத்துத்தான் வெச்சிருக்கேன், தள்ளுங்க," என்று குரல் வந்தது. உள்ளே போனால், கதவுத் தாழ்ப்பாளில் கட்டிய கயிறு தரையில் விரித்த பாய் வரை ஓடியது. அதன் மறுமுனை அவர் கையில். முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை. கைக்கு எட்டுகிற தூரத்தில் தண்ணீர், மாத்திரை, போன், ஒரு நீளக் குச்சி. குச்சி விளக்குப் போட. அந்த அறையில் எல்லாப் பொருளும் அவர் கை போகிற தூரத்தில்தான் இருந்தது.

மகள் சமையல் மேடையருகே நின்றிருந்தாள். துணிக்கடையில் பில் போடுகிறவள். விசாரணைக்காக அரை நாள் லீவு.

"இன்னும் யாரு வேவு பாக்கணும்? பாருங்க, நல்லாப் பாருங்க. வேணும்னா பாயைத் தூக்கியும் பாருங்க!"

"சும்மா இரு கண்ணு," என்றார் அம்மா. "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எழுந்து உக்காரணும், ஆனா உக்காந்தா பத்து நிமிஷம் தாங்காது. மூணு மணிக்கு வேற போகணும், அதுக்குச் சேத்து வெச்சிருக்கேன்."

வலியைச் சேர்த்து வைக்க முடியாது, வலியில்லாத நேரத்தைத்தான் சேர்த்து வைக்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷம் வேலையாம். ஈரப் படுக்கை விரிப்புகளைக் குனிந்து அள்ளி, நிமிர்ந்து போட்டு, குனிந்து அள்ளி. ஒருநாள் குனிந்தவர் நிமிரவில்லை.

பாஸ் விண்ணப்ப நகலைப் புரட்டினார். "ஐம்பது மீட்டர் நடக்க முடியுமான்னு கேட்ட இடத்துல, முடியும்னு நீங்களே டிக் போட்டிருக்கீங்களே?"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அதைக் கேளுங்க! முடியாதுன்னு போடும்மா, போடும்மான்னு கெஞ்சினேன்."

"முடியுதே கண்ணு. கடை வரைக்கும் நடந்துட்டு வந்து ரெண்டு நாள் எழுந்திரிக்க மாட்டேன். அந்த ரெண்டு நாளை எழுத அந்தத் தாள்ல இடமில்ல. அதுக்காகப் பொய் சொல்லி வாங்கறதா?"

"உண்மையைச் சொல்லி என்னத்த வாங்கினே? மூணு தள்ளுபடி!"

பாஸ் புகைப்படத்தை எடுத்து நீட்டினார். மகள்தான் முதலில் வாங்கினாள். அவள் முகம் மாறியது.

"அம்மா... நீ சிரிக்கிறே."

"எங்க?"

"படி ஏறும்போது. நல்லாச் சிரிச்சுக்கிட்டே ஏறுறே."

அம்மா மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கக் கூடாது. மூன்று தள்ளுபடிக் கடிதம் வந்தபோதுகூட அந்த முகம் இப்படி ஆகியிருக்காது. "நீயுமா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. இப்படி நேரத்தில் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "அம்மா, அந்த ஆபீஸ்ல இன்னைக்குப் படியேறி நான் செத்த சாவுக்கு, என்னை யாராவது படம் எடுத்திருந்தா இரங்கல் போஸ்டரே அடிச்சிருக்கலாம். குப்பைக்கூடைக்கு நம்பர் போட்ட மாதிரி என் பொணத்துக்கும் ஒரு நம்பர் போட்டு மூலையில சாத்தியிருப்பாங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போது வலது கை தானாக மேலே போய் வாயைப் பொத்திக்கொண்டது.

"எப்பவும் இப்படிப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பீங்களா?" என்றார் பாஸ்.

மகள் சட்டென்று படத்தை மறுபடி பார்த்தாள். "முன்பல்லு போனதிலேர்ந்து அம்மா வாயைப் பொத்தாம சிரிச்சதே இல்ல. என் ஸ்கூல் விழா படத்துல கூடப் பொத்திக்கிட்டுத்தான் நிக்கும். இதுல ரெண்டு கையும் கைப்பிடியில இருக்கு..."

"அது சிரிப்பில்ல கண்ணு. ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடிச்சுக்குவேன்."

மகள் அப்படியே பாயில் உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடும்மா, மன்னிச்சிடும்மா" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்தேன். தெருவில் ஒன்றுமில்லை.

"அம்மா, ஏறும்போது அங்க ஏதாவது பார்த்தீங்களா? ஏதாவது சத்தம்?" என்றார் பாஸ்.

"ஆளே இல்ல மேடம். சுவத்துக்குள்ள மட்டும் உர்ருன்னு ஒரு சத்தம். நான் நின்னதும் அதுவும் நின்னுது. அப்புறம் மறுபடி உர்ருன்னு. மேல போய்ப் பியூன்கிட்ட கேட்டேன். தண்ணி மோட்டார்னு சொன்னாரு."

பாஸ் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். யாரோ ஒருவன் ஒழிந்தான் என்று அர்த்தம்.

"அம்மா, இன்னைக்கு நீங்க ஒரு படி கூட ஏறக் கூடாது," என்றார்.

சரியாக மூன்று மணிக்கு மூன்றாவது மாடியில் விசாரணை தொடங்கியது. மேல்முறையீட்டுத் தலைவர் ஒரு ஓய்வு பெற்ற நீதிபதி, வெள்ளை முடி அம்மா. விசாரணை அறைக்குள்ளேயே ஒரு பக்கம் தடுத்து ரெக்கார்டு ரூம் ஆக்கியிருந்தார்கள். கண்காணிப்பாளர் ஃபைலோடு நின்றார். பியூன் வாசலில் நின்று விண்ணப்ப எண்ணைக் கூப்பிட்டார். ஒருமுறை. இரண்டுமுறை.

"மூணு தடவை கூப்பிட்டு வரலைன்னா முடிச்சுடலாம் மேடம்," என்றார் கண்காணிப்பாளர். குரலில் அப்படியொரு ஆனந்தம்.

பாஸ் எழுந்தார். "வந்துட்டு இருக்காங்க. அதுக்குள்ள என் அறிக்கையைச் சொல்லிடறேன். இந்தப் படம் எடுத்தது இந்த ஆபீஸ் படிக்கட்டுல. வாளி நம்பர் சாட்சி."

கண்காணிப்பாளர் ஒரு நொடிதான் தடுமாறினார். "இருக்கட்டுமே. ஏறினது ஏறினதுதானே? கூட வந்த விண்ணப்பதாரர் யாராவது எடுத்து அனுப்பியிருப்பாங்க."

"எங்க நின்னு எடுத்தாங்க?"

"படியிலதான்!"

"படியிலேர்ந்து எடுத்தா இந்தக் கோணம் வராது. சுவத்துல இருக்கிற கம்பிவலைக்குப் பின்னாலேர்ந்து எடுத்திருக்காங்க. அதுக்குப் பின்னால என்ன இருக்கு?"

நான் பைக்குள் கையை விட்டு மகளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். சுவருக்குள் உர்ர்ர் என்று சத்தம் கிளம்பியது.

"என்ன சத்தம் இது?" என்றார் நீதிபதி.

"தண்ணி மோட்டார் மேடம்," என்று கண்காணிப்பாளர் சொன்னார். சொல்லும்போதே அவர் முகத்தில் காலையில் காணாத வியர்வை எல்லாம் மொத்தமாகப் பூத்தது.

சத்தம் மேலே ஏறி வந்து, ரெக்கார்டு ரூமுக்குள் நின்றது. கம்பிக்கதவு இழுபடும் ஓசை. பாஸ் நடந்துபோய்த் தடுப்பின் திரையை விலக்கினார்.

லிஃப்ட்டுக்குள் விளக்கு எரிந்தது. மெத்தை போட்ட ஒரு முக்காலியில் அந்தம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள், சுருட்டிய பாயோடு. அம்மா வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"சிரிக்காம இருக்க முடியல மேடம்," என்றார். "இது இவ்வளவு சுகமா இருக்கும்னு தெரியாமப் போச்சே!"

"இவருதான் நலம் விரும்பி," என்றார் பாஸ் கண்காணிப்பாளரைக் காட்டி. "இங்கேயிருந்து லிஃப்ட்ல ஏறி, அந்தக் கம்பிவலைக்கு நேரா பாதியில நிறுத்தி, முக்காலியில உக்காந்துக்கிட்டு எடுப்பாரு. காலையில டீ நுரை கூடக் கலையாம மூணு மாடி வந்தாரே, அப்பவே சந்தேகம் வந்துச்சு."

"பூட்டை உடைச்சிருக்காங்க! திருட்டு!" என்று கத்தினார் அவர்.

"உடைக்கவே இல்ல சார்," என்றேன். "பூட்டுல ஏழுன்னு எழுதியிருந்தீங்க. கீழ வராந்தாவுல சாவிப் பலகை, அதுலயும் ஏழுன்னு எழுதியிருந்தீங்க. மத்த சாவியெல்லாம் தூசி, ஏழு மட்டும் பளபளன்னு இருந்துச்சு. உங்க ஒழுங்குக்கு ஒரு கும்பிடு."

நீதிபதி அவரை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தார். "வெட்கமா இல்ல? இவ்வளவு கீழ்த்தரமா ஒரு மனுஷன்... நல்லவேளை, இந்த ஒரு கேஸோட வெளிய வந்துச்சு."

"ஒண்ணு இல்ல மேடம்," என்றார் பாஸ். பையிலிருந்து புகைப்படத்தை எடுத்துத் திருப்பி, பென்சில் எழுத்தைக் காட்டினார். "நூத்திப் பதினெட்டு. இந்த ஆபீஸ்ல நம்பர் இல்லாம ஊசி கூட இருக்காதாம். இது நூத்திப் பதினெட்டாவது படம்."

வாசலில் நின்ற பியூன்தான் முதலில் அசைந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் லிஃப்ட் பக்கத்து இரும்பு அலமாரியைத் திறந்து, தடிமனான ஃபைல் ஒன்றை எடுத்து நீதிபதி முன் வைத்தார்.

"தண்ணி மோட்டார்னு சொல்லச் சொன்னது இவருதாங்க. சொன்னது நான். கீழ பூட்டைத் திறந்து பூட்டறதும் நான்தான்," என்றார்.

நீதிபதி புரட்டினார். ஒவ்வொரு தாளிலும் ஒரு படம், ஒரு நம்பர். எல்லாம் அதே படிக்கட்டு, அதே வாளி. ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர். உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கத்தாலேயே ஏறுகிற ஒரு பெண். அண்ணன் முதுகில் தொற்றிக்கொண்டு ஒரு தங்கை. அத்தனை பேரும் பல்லைக் கடித்திருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் 'சிரித்தபடி ஏறினார்' என்று டைப் அடித்து, 'தள்ளுபடி' முத்திரை. என் வாயில் கசப்பு ஊறியது. உண்மையாகவே எச்சில் துப்ப இடம் தேடினேன்.

முத்திரைக்குக் கீழே ஒரு சுருக்கொப்பம் இருந்தது. நீதிபதியின் விரல் அதன் மேல் நின்றது. அடுத்த தாளிலும் அதே கையெழுத்து. அதற்கடுத்ததிலும்.

"இது... நான் போட்டது," என்றார் மெதுவாக. "படத்தைப் பார்த்துட்டுத்தான் போட்டேன். சிரிக்கிறாங்கன்னு நினைச்சேன்."

அவருக்காகப் பரிதாபப்பட எனக்கு மனசு வரவில்லை. ஒருத்தரை, ஒரே ஒருத்தரைக் கூப்பிட்டு ஏன் சிரித்தாய் என்று கேட்டிருந்தால் போதுமே!

நீதிபதி பேனாவை எடுத்து அந்தம்மாவின் தாளில் 'அனுமதி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். "உங்க உத்தரவு ரெடி. நீங்க வீட்டுக்குப் போகலாம்மா. லிஃப்ட்லயே போங்க."

அம்மா போகவில்லை. மகளிடம் ஏதோ சொன்னார். மகள் விசாரணை அறை நடுவே, மேஜைக்கு முன்னால் பாயை விரித்தாள். அம்மா அதில் மெல்ல இறங்கிப் படுத்து, முழங்காலை மடக்கிக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"பத்து நிமிஷத்துக்கு மேல உக்கார முடியாது மேடம். படுத்துக்கிட்டே கேக்கறேன்," என்றார். "ஒண்ணாம் நம்பர்லேர்ந்து படிங்க."

கண்காணிப்பாளர் வாசலைப் பார்த்தார். பியூன் மறுபடி வாசலில் போய் நின்றிருந்தார், நகரவில்லை.

"ரேடியோ, வால்யூமைக் குறை," என்றார் பாஸ்.

"நான் வாயே திறக்கலையே பாஸ்."

"மூக்கை உறிஞ்சற சத்தம் கேக்குது."

நீதிபதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் தாளை எடுத்தார். "ஒண்ணு," என்று படித்தார். "சுமை தூக்கும் தொழிலாளி. முழங்கால் தேய்மானம்."